சைக்கிள் ஓட்டும்போது சீட் உரசிப் புண்ணாகாமல் இருக்க எந்த கிரீம் வாங்கலாம்?

இதற்கென்றே விற்பது 'ஷாமி கிரீம்'. தோலுக்கும் துணிக்கும் நடுவே வழவழப்பான ஒரு படலமாக நிற்கும், அவ்வளவுதான். முன்பெல்லாம் சைக்கிள் டிரவுசரின் உள்பட்டையை, அதாவது உட்காரும் இடத்தில் வரும் மெத்தையை, ஷாமி என்ற மலையாட்டின் தோலில் தைத்தார்கள். காய்ந்தால் விறைத்துவிடும் அதை இளக்கத் தடவியதால் வந்த பெயர் இது.

புண் வருவது உரசலால் மட்டுமல்ல. வியர்வையில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். புதுச் செருப்பு காய்ந்த காலைவிட மழையில் நனைந்த காலைத்தான் வேகமாகக் கடிக்கும், இல்லையா? அதே கதை. ஒரு மணி நேரத்தில் கால் ஆயிரக்கணக்கான சுற்று மிதிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் தொடையிடுக்கு உரசுகிறது.

வாங்கும்போது கெட்டியானதாக, வாசனை சேர்க்காததாக, தண்ணீரில் கழுவினால் போவதாகப் பாருங்கள். மென்தால் போட்டது சிலருக்குச் சுகம், சிலருக்கு எரிச்சல். பெண்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. அவசரத்துக்கு வாஸ்லின் போதும், ஆனால் டிரவுசர் பட்டையில் பிசுக்காக ஒட்டிக்கொண்டு துவைத்தாலும் லேசில் போகாது. விரல் நுனியளவு எடுத்து உரசும் இடத்தில் மட்டும் தடவுங்கள். சைக்கிள் டிரவுசருக்குள்ளே ஜட்டி வேண்டாம். அதன் தையல்தான் பாதி வில்லன். வீடு வந்ததும் டிரவுசரைக் கழற்றிக் குளித்துவிடுங்கள்.

கிரீம் போட்டால் எல்லா வலியும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். எலும்பு வலிப்பதும் மரத்துப்போவதும் அழுத்தத்தால் வருவது, அதற்கு மாற்றவேண்டியது சீட்டின் உயரம், சாய்வு அல்லது சீட்டையே.