நண்பரின் தண்டவாளத்தில் மதியம் முழுக்க டீசல் மாடல் ரயில் மட்டும் ஓட்டுவதில் என்ன இருக்கிறது?

நண்பர் கூப்பிட்டிருப்பார், நீராவி இன்ஜின் கிடையாது என்று தெரிந்ததும் உங்களுக்கு ஆர்வம் வடிந்திருக்கும். அப்படித்தான் இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்கிறேன். தயங்காமல் போய்விட்டு வாருங்கள். நீராவியை நான் குறை சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் டீசல் என்றால் சக்கரம் வைத்த பெட்டிதானே என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

சமீபத்தில் ஒரு மதியம் நண்பரின் தோட்டத்தில் ஓட்டினோம். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 45 மி.மீ. இடைவெளி, நிஜத்தில் 29-ல் ஒரு பங்கு, அதாவது 1:29 அளவில் வண்டிகள். அந்த அளவுக்கு இடைவெளி 49.5 மி.மீ. இருக்க வேண்டுமே, 1:32தானே சரி என்று கணக்குப் போடுபவர்கள் வருவார்கள். கணக்கு சரிதான். ஆனால் 1:29 வண்டி பக்கத்தில் வந்து நிற்கும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது, எனக்கு அதுதான் வேண்டும்.

இரண்டு இன்ஜின்களைச் சேர்த்து நீளமான சரக்கு வண்டி ஒன்றைக் கட்டினோம். முதலில் இரண்டையும் தனித்தனியாக ஓட்டி வேகத்தைப் பொருத்தினார் நண்பர். வேகம் ஒத்துவராவிட்டால் ஒன்று இழுக்கும், இன்னொன்று சக்கரம் வழுக்கிக்கொண்டு வரும். அப்புறம் ரிமோட்டை என் கையில் கொடுத்தார். வேகத்தைக் கூட்டும் படிகளில் முதல் நாட்ச். இன்ஜின் சத்தம் ஏறியது, வண்டி நகரவில்லை. பிறகு பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங்குகள் முன்னாலிருந்து ஒவ்வொன்றாக இறுகத் தொடங்கின. டக், டக், டக் என்று அந்தச் சத்தம் பின்பக்கம் ஓடிப்போய், கடைசிப் பெட்டியும் அசைந்தபோதுதான் முழு வண்டியும் என் கைக்கு வந்தது. அவசரப்பட்டுத் திருகினால் இது எதுவும் கேட்காது. டீசலின் சுவையே இந்த மெதுவில்தான் இருக்கிறது.

எல்லா டீசலும் ஒன்றுதான் என்பவர்கள் சத்தத்தைக் கவனித்ததில்லை. அமெரிக்க டீசல்களில் இ.எம்.டி. கம்பெனியின் 645 இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், ஆல்கோ கம்பெனியுடையது நான்கு ஸ்ட்ரோக், சத்தமே வேறு. மாடலுக்குள் இருந்து சத்தம் எழுப்பும் டிகோடர் என்ற சின்ன மின்பலகையில் நல்ல பதிவு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே எது வருகிறது என்று சொல்லிவிடலாம்.

பெட்டிகளை அடுக்குவதிலும் வேலை இருக்கிறது. கனமான வண்டிக்கு முன்பக்கம் எடை குறைந்த காலிப் பெட்டியைப் போட்டால், வளைவில் ஏற்றமும் சேரும்போது இழுவிசை அதை உள்பக்கமாகச் சாய்த்துத் தடம்புரளச் செய்துவிடும். நிஜ ரயிலிலும் நடப்பதுதான். அதனால் காலிப் பெட்டிகளைக் கடைசியில் மாட்டினோம். வெயில் ஏற ஏற நண்பர் தண்டவாள இணைப்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் சூடு 30 டிகிரி செல்சியஸ் கூடினால் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளும். இடைவெளி விடாமல் போட்டிருந்தால் பாதை நெளிந்துவிடும்.

இதை எழுதும்போது ஒரு வயிற்றெரிச்சலும் ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு என் சொந்த இன்ஜினையும் ஓட்டியிருக்க வேண்டியது. கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்தால் கைப்பிடிக் கம்பிகள் ஒடிந்து, சக்கரங்கள் பொருத்திய அடிச்சட்டமான போகி ஒன்று கழன்று கிடந்தது. பெட்டியின் மேல் "உடையும் பொருள்" என்று நாலு பக்கமும் ஒட்டியிருந்தது. புகார் செய்தால், பேக்கிங் சரியில்லை என்று ஒரே வரியில் பதில். இரட்டை அட்டை, நடுவில் தடிமனான நுரை, இதற்கு மேல் எப்படிக் கட்டுவது? தூக்கிப் போட்டவர்களை யாரும் கேட்பதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சொந்த வண்டி கொண்டுபோவதாக இருந்தால் அவருடைய மிகச் சிறிய வளைவின் அளவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஆறு அச்சு இன்ஜின் எல்லா வளைவிலும் திரும்பாது. கப்ளிங் எந்த வகை, மின்சாரம் தண்டவாளத்திலா பேட்டரியிலா என்பதையும் கேளுங்கள். கிளம்புவதற்கு முன் சக்கரங்களை நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கறை அவர் பாதை முழுக்கப் பரவிவிடும்.