டெல்லியிலிருந்து திருச்சிக்கு ஒரு ஷிட்சு குட்டி: விமானத்தில் கூடவே வைத்துக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: டாக்டர், டெல்லியில் இருக்கும் என் அக்கா வீட்டு ஷிட்சு நாய் நான்கு குட்டிகள் போட்டிருக்கிறது. ஒன்றை எனக்குத் தருகிறார். இப்போது டிசம்பர் தொடக்கம், குட்டிக்கு ஆறு வாரம் ஆகிறது. பொங்கல் லீவில் போய், விமானத்தில் என் கூடவே வைத்துத் திருச்சிக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன். எந்த விமானத்தில் விடுவார்கள்? என்னென்ன சான்றிதழ் வேண்டும்? அழுதால் மடியில் வைத்துக்கொள்ளலாமா? பாதி அவில் மாத்திரை கொடுத்தால் வழி முழுக்கத் தூங்கிவிடும் என்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவில் வேண்டாம். தூக்கம் வரவழைக்கும் வேறு எந்த மாத்திரையும், இருமல் சிரப்பும் வேண்டாம். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம், அதாவது ஊட்டியில் மூச்சு விடுவது மாதிரி. நல்ல ஆரோக்கியமான குட்டி இதைச் சிரமமில்லாமல் தாங்கும். ஆனால் ஷிட்சு தட்டை மூக்கு இனம். மூச்சுப் பாதை பிறவியிலேயே குறுகலானது. அதற்கு மயக்கம் தரும் மருந்தும் கொடுத்தால் ரத்த அழுத்தம் குறையும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனும் குறையும். அரைத் தூக்கத்தில் கழுத்து மடிந்து பையின் மூலையில் மூக்கு அழுந்திக் கிடந்தாலும் குட்டியால் நிமிர முடியாது. வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்கு அது நிம்மதியாகத் தூங்குவதாகத்தான் தெரியும். எனக்குப் பயமே அதுதான்.

அடுத்தது தேதி. பொங்கலுக்கு வேண்டாம், பிப்ரவரி முதல் வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். குட்டியைச் சீக்கிரம் பார்க்கும் ஆசை புரிகிறது. ஆனால் தடுப்பூசிக் கணக்கைப் பாருங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி எட்டாவது வாரத்தில் ஒன்று, பன்னிரண்டாவது வாரத்தில் ஒன்று, பதினாறாவது வாரத்தில் ஒன்று என்று போட வேண்டும். தாய்ப்பாலிலிருந்து வந்த எதிர்ப்பு சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால்தான் இத்தனை முறை. ரேபிஸ் ஊசி மூன்று மாதம் நிறைந்த பிறகு. உங்கள் குட்டிக்கு மூன்று மாதம் ஆவதே பொங்கலை ஒட்டித்தான். அதன் எதிர்ப்பு சக்தி நன்றாக உருவாக இன்னும் மூன்று வாரமாவது ஆகும். கவுன்ட்டரில் ரேபிஸ் சான்றிதழ் கேட்கும்போது, போன வாரம்தான் போட்டோம், போடவே இல்லை என்றெல்லாம் அங்கே நின்று வாதாடும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

இன்னொரு காரணம் பனிமூட்டம். டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் டெல்லியில் காலை விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாவது சாதாரணம். பெரியவர்களுக்கு அது எரிச்சலோடு போய்விடும். இரண்டு கிலோ குட்டி எட்டு மணி நேரம் பைக்குள் கிடக்க வேண்டியிருந்தால் அது வேறு விஷயம். பிப்ரவரியில் பனி பெரும்பாலும் குறைந்துவிடும். அப்போதும் மதிய விமானமாகப் பாருங்கள்.

அதுவரை தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருப்பது அதற்கு நல்லதுதான். விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை உடன்பிறப்புகளிடம்தான் குட்டி கற்றுக்கொள்கிறது. ஒன்றை மட்டும் அக்காவிடம் சொல்லி வையுங்கள். மூன்றரை மாதம் வரைக்குமான காலம்தான் குட்டி உலகத்துக்குப் பழகும் காலம். மிக்ஸி சத்தம், குக்கர் விசில், காலிங் பெல், வீட்டுக்கு வரும் புது ஆட்கள், காரில் சின்னச் சின்னச் சுற்று எல்லாம் இப்போதே பழக்கமாகட்டும். தெருவில் மட்டும் இறக்கி விட வேண்டாம், கையில் தூக்கிக்கொண்டு போனால் போதும்.

விமானத்துக்கு வருவோம். திருச்சிக்கு வரும் உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலானவை இண்டிகோ. இண்டிகோவில் வழிகாட்டி நாய் போன்ற சேவை நாய்களைத் தவிர மற்றச் செல்லப்பிராணிகளை ஏற்றுவதில்லை. ஏர் இந்தியா நெடுங்காலமாகக் கேபினில் அனுமதிக்கிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரிலிருந்து அனுமதிக்கிறது. ஆகவே டெல்லியிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம், அங்கிருந்து காரில் திருச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விமானம் மாறும் டிக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

எடை வரம்பு குட்டியையும் பையையும் சேர்த்துத்தான். ஏர் இந்தியா பல ஆண்டுகள் 5 கிலோ என்று வைத்திருந்தது. ஆகாசா 7 கிலோவில் தொடங்கிப் பிறகு 10 ஆக்கியது. பிப்ரவரியில் உங்கள் குட்டி இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். பையோடு சேர்த்தாலும் 5 கிலோவைத் தாண்டாது. (லாப்ரடார் குட்டி வாங்குகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு மாதத்தில் 5 கிலோ இருந்தது மூன்று மாதத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.) கேபினில் இடமில்லை, லக்கேஜ் பகுதியில் அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். தட்டை மூக்கு நாய்களை அங்கே அனுப்புவது ஆபத்து. பல விமான நிறுவனங்களே அதை மறுத்துவிடும்.

ஒரு விமானத்தில் ஓரிரு செல்லப்பிராணிகளுக்குத்தான் இடம் தருவார்கள். எனவே டிக்கெட் எடுத்துவிட்டு அப்புறம் குட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள். முதலில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து அந்தத் தேதியில், அந்த விமானத்தில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உங்கள் டிக்கெட்டோடு சேர்த்துப் பதிவு செய்து, உறுதி செய்ததை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். தட்டை மூக்கு இனத்துக்கு ஏதாவது நிபந்தனை உண்டா, ரேபிஸ் ஊசி எத்தனை நாளைக்கு முன் போட்டிருக்க வேண்டும், பையின் அளவு என்ன என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, போன வருடம் போன நண்பர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். குட்டிக்கான கட்டணம் தனி, உங்கள் இலவச லக்கேஜ் கணக்கில் அது சேராது.

இனிமேல் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். குட்டியின் பையை இந்த வாரமே வாங்கி அக்காவுக்கு அனுப்பிவிடுங்கள். துணியாலான, மூன்று பக்கமாவது வலை வைத்த, அடிப்பாகம் கெட்டியான கேரியர் பை. நீளம் 18, அகலம் 18, உயரம் 12 அங்குலத்துக்குள் இருக்கட்டும், சீட்டுக்கு அடியில் நுழைய வேண்டும். உள்ளே குட்டி எழுந்து நின்று திரும்பிப் படுக்க முடிய வேண்டும். ஜிப்பின் இரண்டு பிடிகளையும் ஒன்றாகக் கொக்கி போட்டுப் பூட்டும் வசதி இருந்தால் நல்லது, மூக்கால் நெம்பியே ஜிப்பைத் திறந்துவிடும் குட்டிகள் உண்டு.

விமானத்தில் அழும் குட்டிகளில் பெரும்பாலானவை விமானத்தைப் பார்த்து அழுவதில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பைக்குள் அடைக்கப்பட்டதால் அழுகின்றன. அக்கா வீட்டில் பை திறந்தபடியே கூடத்தில் கிடக்கட்டும். தாய் படுத்த பழைய துணி ஒன்றை உள்ளே விரிக்கச் சொல்லுங்கள். முதலில் சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பையின் வாசலில் வைப்பது, பிறகு உள்ளே வைப்பது. குட்டி தானாக உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்த பிறகு ஜிப்பை ஒரு நிமிடம் மூடுவது, அழுவதற்கு முன்பே திறப்பது. அப்புறம் ஐந்து நிமிடம், அரை மணி நேரம், பையோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவது, காரில் ஒரு சுற்று. கடைசி வாரத்தில் இரண்டு மணி நேரம் மூடிய பையில் நிம்மதியாகத் தூங்கினால் பயணத்துக்குத் தயார் என்று அர்த்தம். உங்களுக்கு எட்டு வாரம் கையில் இருக்கிறது. வாங்கிய அன்றே குட்டியைத் தூக்கிக்கொண்டு பறப்பவர்களுக்கு இந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

அதே நாட்களில் பேடில் (ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு) சிறுநீர் கழிக்கவும் பழகிவிட்டால் பாதிக் கவலை தீரும். மூன்று மாதக் குட்டியால் விழித்திருக்கும்போது சுமார் நான்கு மணி நேரம்தான் அடக்க முடியும். வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே இரண்டு மணி நேரம், பறப்பது ஏறக்குறைய மூன்று மணி நேரம் என்று கூட்டினால் அதைத் தாண்டிவிடும். டெர்மினலுக்குள் நுழையும் முன் காரிலேயே பேட் விரித்துப் போக விடுங்கள். பைக்குள் இரண்டு பேடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தால், மேலே இருப்பது நனைந்ததும் அதை மட்டும் உருவிவிடலாம். விமான நிலையத் தரையில் இறக்கிவிட வேண்டாம். பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், உங்கள் குட்டிக்குக் கடைசி ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது.

காகிதங்கள் இரண்டுதான். தடுப்பூசிப் புத்தகம், ஊசி மருந்தின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து, முத்திரையோடு. மற்றொன்று, குட்டி பயணம் செய்யத் தகுதியாக இருக்கிறது, தொற்றுநோய் அறிகுறி எதுவும் இல்லை என்று கால்நடை மருத்துவர் லெட்டர்ஹெட்டில் தரும் சான்று. அதில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். இதைப் பயணத்துக்கு முந்தைய இரண்டு நாட்களுக்குள் வாங்குங்கள். இரண்டையும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், போனில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள். கவுன்ட்டரில் உறுதிமொழிப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். வெப் செக்-இன் உதவாது, நேரில்தான் போக வேண்டும். எனவே வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

பட்டினி போட்டுக் கொண்டுபோவது பலர் செய்யும் தவறு. ஷிட்சு மாதிரிச் சின்ன இனக் குட்டிகளுக்கு வெகுநேரம் வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். விமானம் கிளம்ப நான்கு மணி நேரம் முன்பு வழக்கமான சாப்பாட்டில் முக்கால் பங்கு கொடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் நாலைந்து தீவன உருண்டைகள், அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர். தள்ளாடினாலோ, கூப்பிட்டால் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாலோ, கொஞ்சம் தேனை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். ஒரு சின்னத் தேன் பாக்கெட் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். தடவியும் தெளியாவிட்டால் விமானம் ஏறாதீர்கள், அருகிலிருக்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் குட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, காலிப் பையை மட்டும் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். குட்டி கையை விட்டு ஓடக்கூடிய இடம் இதுதான். பையில் வைக்கும்போதே ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) மாட்டிவிடுங்கள், பையைத் திறப்பதற்கு முன்பே அதன் கயிறு உங்கள் மணிக்கட்டில் சுற்றியிருக்கட்டும். அங்கிருக்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரரிடம் உள்ளே நாய்க்குட்டி இருக்கிறது என்று வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மடியில் வைத்துக்கொள்ளலாமா என்றால், கூடாது. பை மூடியே, உங்கள் காலடியில் இருக்க வேண்டும். அழுதால் வலைக்கு அருகே விரலை வைத்து மெதுவாகப் பேசுங்கள். ஜிப்பைத் திறந்து சமாதானம் செய்தால், அழுதால் திறப்பார்கள் என்று குட்டி ஒரே முறையில் கற்றுக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவரிடம் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். நாய் முடி ஒத்துக்கொள்ளாதவராகவோ பயப்படுகிறவராகவோ இருந்தால், கிளம்பும் முன் இடம் மாற்றித் தரப் பணியாளர்களிடம் கேட்கலாம். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது காது அடைக்க ஆரம்பிக்கும். அப்போது மென்று தின்ன ஏதாவது கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது விடும். மூச்சு வேகமாகி, வாயைத் திறந்து இரைத்தால் பையின் மேல் துணி ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிட்டு, மேலே உள்ள ஏசி காற்று பைப்பக்கம் வரும்படி திருப்புங்கள். நாக்கு நீலமாவது போலத் தெரிந்தால் உடனே பணியாளர்களை அழையுங்கள்.

மாலையில் சென்னையில் இறங்கி அன்றே திருச்சிக்குக் கிளம்ப வேண்டாம். 330 கிலோமீட்டர், குறைந்தது ஐந்து மணி நேரம். சென்னையில் உறவினர் வீட்டில் இரவு தங்கி, விடியற்காலையில் புறப்படுங்கள், வெயில் ஏறும் முன் பெரம்பலூர் தாண்டிவிடலாம். காரில் வாந்தி எடுக்கும் குட்டிகள் அதிகம். நாய்களின் பயணக் குமட்டலுக்கென்றே இருக்கும் மரோபிடன்ட் மருந்து நான்கு மாதம் ஆன குட்டிகளுக்குத்தான், எனவே இப்போதைக்குக் காலியான வயிறும் இல்லாமல் நிறைந்த வயிறும் இல்லாமல் பார்த்துக்கொள்வதே வழி. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை பக்கம் டீ குடிக்க நிறுத்தும்போது குட்டியைக் கீழே விடாமல் காருக்குள்ளேயே பேடில் போக விடுங்கள். மோட்டல் வாசல்களில் தெருநாய்கள் எப்போதும் இருக்கும்.

அக்கா என்ன தீவனம் போடுகிறாரோ அதிலேயே இரண்டு வாரத்துக்கு வாங்கி வந்துவிடுங்கள். முதல் வாரம் அதையே கொடுத்து, அடுத்த வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். திருச்சி வந்து ஒரு வாரத்தில் பதினாறாவது வார ஊசி வரும். அதற்கான தேதியை உங்கள் ஊர் மருத்துவரிடம் இப்போதே வாங்கி வையுங்கள். வந்த இரண்டு வாரத்துக்குள் குட்டி சாப்பிடாமல் சோர்ந்து வாந்தி எடுத்தாலோ, ரத்தம் கலந்து பேதி போனாலோ, பயணக் களைப்பு என்று விடாதீர்கள். அன்றே தூக்கிக்கொண்டு போய்ப் பார்வோ பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், அது சில நிமிடங்களில் முடிவு தெரியும் சோதனைதான்.