டீச்சர், ஒரு சந்தேகம்: இருநூற்று மூன்று எப்படி வந்தது?

லால்குடிப் பக்கத்து ஒன்றியப் பள்ளிகளில் 34 வருஷம், பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்து ஓய்வு பெற்றவள் பதில் சொல்கிறேன். கேள்வி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து பிள்ளையின் நோட்டில் ஒரு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். 'சரியாகப் படிக்கமாட்டேங்கிறான்' என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

என் மகன் இரண்டாம் வகுப்பு. ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சுவிடாமல் சொல்வான். ஆனால் 'இருபத்து மூன்று எழுது' என்றால் 203 என்று எழுதுகிறான். சொல்லிச் சொல்லி அலுத்து, அடித்தும் பார்த்துவிட்டேன். மந்தமாக இருக்கிறானோ என்று பயமாக இருக்கிறது.
— ஓர் அம்மா, நாமக்கல்

மந்தமெல்லாம் இல்லை, அம்மா. அவன் காதில் விழுந்ததை ஒழுங்காக எழுதியிருக்கிறான். இருபது என்றீர்கள், 20 போட்டான். மூன்று என்றீர்கள், பக்கத்திலேயே 3 போட்டான். அவன் கணக்குப்படி அது சரி. அந்த 2 என்பது இரண்டு பத்து என்று அவனுக்கு இன்னும் யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். நூறு வரை ஒப்பிக்கிறானே என்றால், அது பாட்டு. '47-க்கு முந்தின எண் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றிலிருந்து முணுமுணுக்க ஆரம்பிப்பான்.

ஒரு புதுத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்து ஐம்பது அறுபது எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடச் சொல்லுங்கள். கட்டுப் போடுவது அவன் கையாக இருக்கட்டும். உங்களுக்கு அவசரம் வரும், வாங்கிக் கட்டிக் கொடுக்கத் தோன்றும், செய்யாதீர்கள். தானே எண்ணிக் கட்டினால்தான் அந்தக் கட்டுக்குள் பத்துக் குச்சி இருக்கிறது என்று அவனுக்கு நம்பிக்கை வரும். முதல் இரண்டு நாள் கட்டைப் பிரித்து மறுபடி எண்ணிப் பார்ப்பான். விடுங்கள்.

பிறகு தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. இடப்பக்கம் கட்டு, வலப்பக்கம் உதிரி. 'இருபத்து மூன்று வை' என்றால் இரண்டு கட்டும் மூன்று உதிரியும் வைப்பான். கட்டுக்குக் கீழே எத்தனை கட்டோ அதை எழுதட்டும், உதிரிக்குக் கீழே எத்தனை உதிரியோ அதை எழுதட்டும். 23 தானாக வந்து நிற்கும். அடுத்து முப்பது கேளுங்கள். மூன்று கட்டு வைத்துவிட்டு, வலப்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்து முழிப்பான். நல்ல முழிப்பு அது. பூஜ்யம் எதற்கு என்று அங்கேதான் புரியும். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

குச்சி கைவந்த பிறகு காசுக்கு வாருங்கள். பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய்க் காசும் போதும். பத்து ரூபாய் நாணயம் வேண்டாம், இதில் கலந்தால் குழப்பும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லி வைக்கிறேன். 89 வரை வண்டி நன்றாக ஓடும், 90-ல் தடுக்கும். இருபது, முப்பது, எண்பது என்று வந்துவிட்டுத் திடீரென்று 'தொண்ணூறு' என்கிறோம். அதற்குள் நூறு என்ற சத்தம் இருக்கிறது. 'தொள்ளாயிர'த்துக்குள் ஆயிரம் இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பெண் 900-ஐ எப்போதும் ஆயிரத்துக்கு மேலேதான் வைப்பாள். ஏன் என்று கேட்டால், 'அதுலயே ஆயிரம்னு இருக்கே டீச்சர்' என்பாள். என்ன தப்புச் சொல்ல முடியும்?

அடித்தும் பார்த்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டில் அடிக்கக்கூடாது என்று நான் சொல்கிறேன். அடி வாங்கிய பிள்ளை குச்சியைப் பார்க்கமாட்டான். உங்கள் முகத்தைப் பார்த்து விடை சொல்வான். புருவம் சுருங்கினால் உடனே வேறு எண்ணைச் சொல்வான்.

ஒன்றாம் வகுப்புப் பேத்திக்கு நான்தான் மாலையில் சொல்லிக்கொடுக்கிறேன். நான் எழுதும் 'லை', 'னா' இரண்டையும் பார்த்து 'தாத்தா, தப்பு' என்கிறாள். பழைய கை, மாறமாட்டேன் என்கிறது. அதோடு அவள் 'கொக்கு' என்பதைக் 'கெக்கு' என்று வாசிக்கிறாள்.
— ஒரு தாத்தா, மன்னார்குடி

ஐயா, உங்கள் கட்சிதான் நானும். நானும் 'லை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரி பழைய வளைவு போட்டுப் பழகியவள். 1978-ல் அரசாணை வந்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்ற பதின்மூன்றும் மற்ற எழுத்துகளைப் போலவே துணைக்காலும் கொம்பும் வாங்கிக்கொண்டன. ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகையில் எழுதும்போது என் கை பழைய தடத்திலேயே போய், பாதியில் அழிப்பேன். ஆகவே பேத்தியிடம் தோற்றுவிடுங்கள். 'எங்க காலத்தில் இதற்குத் தும்பிக்கை இருந்தது, உன் எழுத்தை எனக்குச் சொல்லிக்கொடு' என்று நோட்டை நீட்டுங்கள். தாத்தாவுக்குப் பாடம் எடுக்கிற பிள்ளை அந்த எழுத்தை மறக்காது.

'கெக்கு' வேறு விஷயம். அவள் கண் இடமிருந்து வலமாக ஒழுங்காகப் போகிறது. முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து க. கெ என்று வாய் சொல்லிவிடுகிறது. பின்னால் நிற்கும் துணைக்காலைப் பார்ப்பதற்குள் சத்தம் முடிந்துவிட்டது. பழைய காலண்டர் அட்டையில் க, ம, ப, த என்று நான்கைந்து எழுத்தும், தனியாக ஒரு கொம்பும் ஒரு காலும் வெட்டிக்கொள்ளுங்கள். க-வை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஆளை நிறுத்துங்கள்: கொ. காலை எடுத்துவிட்டால் கெ. கொம்பை எடுத்துவிட்டுக் காலை வைத்தால் கா. அவளே எடுத்து எடுத்து வைக்கட்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

247 எழுத்தையும் வரிசையாக எழுதி முடித்துவிட்டுத்தான் சொல் என்று மட்டும் வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ப, ட, ம மூன்றையும் புள்ளியையும் வைத்துக்கொண்டே படம், பட்டம், மடம், மட்டம் என்று வாசித்துவிடலாம். வாசிக்க முடிகிறது என்று தெரிந்த பிள்ளைதான் அடுத்த எழுத்தைக் கேட்கும்.

மகள் யுகேஜி முடித்து ஒன்றாம் வகுப்பு போகிறாள். டியூஷன் சேர்க்கலாமா?
— ஓர் அப்பா, திருப்பூர்

வேண்டாம். இருவரும் வேலை முடிந்து வர எட்டு மணி ஆகிறது, அதுவரை பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் அது வேறு கதை. அதைப் படிப்பு என்று எண்ணிக்கொள்ளாமல் அனுப்புங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது.

மூன்றாம் வகுப்பு மகளை 'அரும்பு' என்று போட்டிருக்கிறார்கள். பெயில் மாதிரியா?
— பெயர் வேண்டாம், அரியலூர்

இல்லை. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் எடுக்கிறார்கள். எழுத்தையும் எண்ணையும் அடியிலிருந்து பிடிக்க வேண்டியவர்கள் அரும்பு. எந்தப் பாடத்தில் அரும்பு, எந்த இடத்தில் நிற்கிறாள் என்று டீச்சரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை மலரா என்று கேட்காதீர்கள், முக்கியமாக அவள் காதுபட.

நான் எட்டாவது வரைதான். வீட்டிலேயே பூக்கட்டிக் கொடுக்கிறேன். பையன் இங்கிலீஷ் மீடியம், இரண்டாம் வகுப்பு. அவன் புத்தகத்தில் இருப்பது எனக்கு ஒன்றும் புரியவில்லை. டைரியில் 'பேரன்ட்ஸ் ஹெல்ப்' என்று எழுதி அனுப்புகிறார்கள். நான் என்ன செய்ய?
— நிலக்கோட்டை

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இங்கிலீஷ் தெரியாமலே பிள்ளை வாசிக்கிறானா, ஒப்பிக்கிறானா என்று கண்டுபிடிக்கலாம், தங்கச்சி. பக்கத்தில் உட்காருங்கள், எழுத்தைப் பார்க்க வேண்டாம், அவன் விரலைப் பாருங்கள். விரல் ஒரு சொல்லின் கீழ் நின்று நின்று போனால் வாசிக்கிறான். வாய் வரியை முடித்தபோது விரல் பாதியில் நின்றால், அல்லது விரல் முன்னால் ஓடிவிட்டால், மனப்பாடம். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்னடா?' என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பித்தான் என்றால் சந்தேகமே இல்லை. அதை டைரியில் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள்: 'மனப்பாடமாகச் சொல்கிறான், எழுத்துக் கூட்டத் தெரியவில்லை.' இதைவிடப் பெரிய உதவி எந்த டீச்சருக்கும் கிடைக்காது.

பாடத்தின் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் அவனுக்கு வகுப்பில் புரியவில்லை என்று அர்த்தம். 'இன்னைக்கு என்ன படிச்சே?' என்று கேட்காதீர்கள், 'ஒண்ணுமில்ல' என்பான். 'இன்னைக்கு யார் திட்டு வாங்கினா?' என்று ஆரம்பியுங்கள். அதிலிருந்து பாடத்துக்கு வந்துவிடலாம்.

கணக்குக்கு உங்கள் மடியிலேயே சாமான் இருக்கிறது. இந்தப் பக்கம் இரண்டு மல்லி, அந்தப் பக்கம் இரண்டு மல்லி வைத்துக் கட்டினால் ஒரு கண்ணிக்கு நாலு பூ. இரண்டு கண்ணிக்கு எட்டு, மூன்றுக்குப் பன்னிரண்டு. நாலாம் வாய்ப்பாடு அதுதான். பூவை நாலு நாலாக எடுத்து வரிசையாக வைத்துத் தரட்டும், நீங்கள் கட்டிக்கொண்டே 'இப்ப எத்தனை பூ ஆச்சு?' என்று கேளுங்கள். நடுநடுவே கனகாம்பரம் வைப்பீர்கள் அல்லவா? 'அஞ்சு கண்ணி மல்லி, ஒரு கண்ணி கனகாம்பரம். அடுத்த கனகாம்பரம் எப்ப வரும்?' அதுவும் கணக்குத்தான். மொட்டைக் கசக்காமல் எடுக்கிற விரலுக்குப் பென்சில் தானாகப் படியும்.

மகள் இரண்டாம் வகுப்பு. போர்டில் இருப்பதைச் சரியாக எழுதுவதில்லை, புள்ளி விட்டுவிடுகிறாள், கவனமே இல்லை என்று பள்ளியில் புகார். வீட்டில் புத்தகத்தைப் பார்த்து நன்றாக எழுதுகிறாளே?
— ஓர் அம்மா, காரைக்குடி

நோட்டுப் படம் அனுப்பியதற்கு நன்றி. முதலில் கண்ணைப் பாருங்கள். ஹாலின் ஒரு கோடியில் காலண்டரை மாட்டி, மறுகோடியில் அவளை நிறுத்தி, ஒரு கண்ணை மூடித் தேதியைக் கேளுங்கள், பிறகு மறுகண். இது சும்மா வீட்டுச் சோதனைதான். சரியாகச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அடுத்த வாரமே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் நான் செய்த தப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண். 'பட்டம்' என்று எழுதிப் போட்டால் 'படடம' என்று எழுதுவாள். புள்ளி ஒன்றுகூட இருக்காது. சோம்பேறி, சோம்பேறி என்று ஆறு மாதம் எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒரு நாள் தண்ணீர்ப் பானை பக்கம் இடம் மாற்றி உட்காரவைத்தேன், தண்டனையாக. பானை கரும்பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு அவள் நோட்டில் எல்லாப் புள்ளியும் இருந்தது.

அவள் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லி, திருச்சிப் பெரியாஸ்பத்திரியில் காட்டிக் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு வந்த முதல் நாள், பழைய மூன்றாம் வரிசையிலேயே போய் உட்கார்ந்தாள். நான் பாடத்தை எழுதிவிட்டுத் திரும்பினால் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள்.

'டீச்சர், நாலாவது வரியில நீங்க புள்ளி வைக்கல.'