கேள்வி பதில்: மரத்திலும் டேப், குழாயிலும் டேப்

கேள்வி: பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுப்பதற்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஆங்கிலத்தில் ‘டேப்’ (tap). டோல் சாவடியில் அட்டையைத் தொடவைப்பதும், போனை ஒட்டுக்கேட்பதும் அதே சொல்தான். ஐந்தாம் படிவம் படிக்கும் மகளுக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: எழுத்து ஒன்றுதான், சொல் இரண்டு. பீப்பாயின் ஓட்டையை அடைக்கும் முளைக்குப் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் ஒன்று. குழாய், பால் வெட்டு, ஒட்டுக்கேட்பு மூன்றும் அதன் வழி வந்தவை. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதுதான் பொருள். மற்றது பிரெஞ்சிலிருந்து வந்தது, லேசாகத் தட்டுவது. அட்டை, தோள், கைப்பேசித் திரை எல்லாம் அதில் சேரும்.

பால் வெட்டை வைத்தே மகளுக்கு விளக்குங்கள். வெட்டுபவர் மரத்தைத் தட்டுவதில்லை. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, சுமார் 30 பாகைச் சரிவில், ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவுகிறார். கத்தி ஆழமாகப் போய், பட்டைக்கு அடியில் புதுப் பட்டையை உண்டாக்கும் வளர்படலத்தைத் தொட்டால் புதுப் பட்டை முண்டுமுண்டாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. விடியலில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், அதனால் பால் நன்றாக ஓடும். சில மணி நேரத்தில் பால் உறைந்து, பட்டைக்குள் இருக்கும் பால் குழல்களின் வாயை அடைத்துவிடும். அடுத்த முறை, வெட்டிய கோட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்து, மறுபடி மெல்லச் சீவினால் வழி திறக்கும்.

வாக்கியத்தில், பின்னால் வரும் சிறு சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘டேப் தி ட்ரீ’ என்றால் பால் எடுப்பது. ‘டேப் ஆன் தி ட்ரீ’ என்றால் மரத்தைத் தட்டுவது. ‘டேப் இன்டு’ வந்தால், இருக்கும் சேமிப்பையோ அனுபவத்தையோ எடுத்துப் பயன்படுத்துவது. ஆனால் ‘டேப் யுவர் கார்டு’ என்பதில் ‘ஆன்’ இல்லை. அட்டைக்குள்ளிருந்து ஒழுகிவர எதுவும் இல்லாததால் தொடுவதுதான் பொருள். டாக்டர் நோயாளியின் நெஞ்சை ‘டேப்’ செய்தார் என்று வந்தால் இரண்டுக்கும் இடம் உண்டு: விரலால் தட்டிப் பார்த்திருக்கலாம், நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை ஊசியால் எடுத்திருக்கலாம். அங்கே முன்பின் வரிகளைப் படிக்காமல் முடிவு செய்யக்கூடாது.

கேள்வி: ஆங்கிலக் கட்டுரையில் அப்பா பால்மரம் வெட்டினார் என்று ‘டேப்’ போட்டு மகன் எழுதியதை ஆசிரியர் தவறு என்று சுழித்திருக்கிறாரே?
– வாசகர், பகாவ்

பதில்: ஒரு ‘பி’ குறைந்திருக்கும். இறந்தகாலத்தில் ‘பி’ இரட்டிக்க வேண்டும் (tapped). ஒற்றைப் ‘பி’ போட்டால் (taped) மரத்துக்கு ஒட்டுநாடா சுற்றினார் என்று ஆகிவிடும். ‘இங்’ சேர்க்கும்போதும் இதே விதிதான்.