கனடா பி.ஆர். மறுத்துவிட்டார்கள், கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: நான் கோவையிலிருந்து வந்து டொரண்டோவில் படித்து முடித்தவன். போஸ்ட் கிராஜுவேஷன் வொர்க் பெர்மிட்டில் ஸ்கார்பரோவில் ஓர் உணவகத்தில் சூப்பர்வைசராக ஒன்றரை வருஷம் வேலை பார்த்து, கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸில், அதாவது கனடாவில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து விண்ணப்பிக்கும் பிரிவில், பி.ஆருக்கு (நிரந்தர வதிவிட உரிமைக்கு) விண்ணப்பித்தேன். போன வாரம் மறுப்புக் கடிதம் வந்தது. நான் குறிப்பிட்ட வேலையின் முக்கியக் கடமைகளைச் செய்தேன் என்பதில் அதிகாரிக்குத் திருப்தி இல்லையாம். மேனேஜரிடம் புதுக் கடிதம் வாங்கி மறுபரிசீலனை கேட்கலாம், ஜிசிஎம்எஸ் குறிப்புகள் வந்த பிறகு கோர்ட்டைப் பற்றி யோசிக்கலாம் என்கிறார் என் கன்சல்டன்ட். இது சரியா சார்?

பதில்: சரியில்லை. காரணத்தை உடனே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களிடம் இருப்பது சில நாள்கள்தான்.

கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவுப்படி, கனடாவுக்குள் எழுந்த முடிவை ஃபெடரல் கோர்ட்டில் எதிர்க்க 15 நாள்தான் அவகாசம். வெளிநாட்டில் எழுந்த முடிவு என்றால் 60 நாள். இந்த 15 என்பது வேலை நாள் கணக்கு இல்லை, சனி ஞாயிறும் சேர்த்துத்தான். முடிவு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஓடும். கடிதம் கன்சல்டன்ட்டின் கணக்குக்கு வந்து அவர் உங்களுக்கு நான்கு நாள் கழித்து அனுப்பியிருந்தால், அவருக்கு வந்த நாளையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம். இப்போது கன்சல்டன்ட்டின் யோசனையைப் பாருங்கள். ஜிசிஎம்எஸ் குறிப்புகள், அதாவது உங்கள் ஃபைலைப் பார்த்த அதிகாரி கணினியில் எழுதி வைத்த குறிப்புகள், தகவல் கோரிக்கை போட்டுத்தான் வரும். அதற்குச் சட்டம் தரும் அவகாசமே 30 நாள். அது கைக்கு வருமுன் கோர்ட்டின் கதவு மூடிவிடும். மறுபரிசீலனை கேட்டு வெப்ஃபார்மில் அனுப்பும் மனுவும் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. அதற்குப் பதில் போட வேண்டிய கட்டாயமோ காலக்கெடுவோ அதிகாரிக்குக் கிடையாது. ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, பதிலே வரவில்லை என்று ஓடி வருகிறவர்களைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அவர்களில் சிலருக்கு நல்ல வழக்கு இருந்திருக்கும்.

காரணம் முழுசாகத் தெரியாமல் எப்படி வழக்குப் போடுவது என்று கேட்பீர்கள். போடலாம். முதலில் தாக்கல் செய்வது ஒரு படிவம் மட்டும்தான், கட்டணம் 50 டாலர். அந்தப் படிவத்திலேயே அதிகாரியின் எழுத்துப்பூர்வமான காரணங்கள் இன்னும் கிடைக்கவில்லை என்று குறிப்பிட்டால், கோர்ட்டே குடிவரவுத் துறையிடம் கேட்டு அவற்றை வரவழைக்கும், குறிப்புகளும் அதோடு வந்துவிடும். வாதங்களை அதன் பிறகுதான் எழுதித் தர வேண்டும். அதற்கான அவகாசம் முன்பு 30 நாளாக இருந்தது, வழக்குகள் குவிந்துபோனதால் 2025 மே மாதத்தில் கோர்ட் அதை 75 நாளாக நீட்டியது. ஆக, இந்த 15 நாளில் இடத்தைப் பிடித்து வைக்கிறோம், அவ்வளவுதான். குறிப்புகளைப் படித்துவிட்டு வழக்கில் சாரம் இல்லை என்று தெரிந்தால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். பொதுவாக, குடிவரவு வழக்குகளில் தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவைக் கட்ட வேண்டியதில்லை, விசேஷக் காரணம் இருந்தால் ஒழிய. உங்கள் லாயர் கட்டணம் மட்டும் உங்கள் தலையில்.

லாயர் என்றுதான் சொல்கிறேன். லைசென்ஸ் உள்ள கன்சல்டன்ட் உங்கள் விண்ணப்பத்தைத் தயாரிக்கலாம், துறையோடு பேசலாம். ஃபெடரல் கோர்ட்டில் உங்களுக்காக நிற்க முடியாது. நீங்களே வாதாடலாம், தடை இல்லை, ஆனால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி முக்கியமான விஷயம். கோர்ட்டுக்குப் போனால் பி.ஆர். கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். நீதிபதி உங்கள் தகுதியை எடைபோடுவதில்லை. அதிகாரி எடுத்த முடிவு நியாயமானதா, எடுத்த முறை நேர்மையானதா என்று மட்டும்தான் பார்ப்பார். 2019இல் வாவிலோவ் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இதுதான்: அதிகாரியின் காரணங்கள் கோர்வையாக, ஆவணங்களோடும் சட்டத்தோடும் பொருந்தி வருகின்றனவா என்பது. ஜெயித்தால் பழைய முடிவு ரத்தாகி, ஃபைல் வேறோர் அதிகாரியிடம் போகும். அவரும் வேறு காரணம் சொல்லி மறுக்கலாம்.

அதைவிட முக்கியம், அதிகாரியின் முன்னால் இல்லாத ஆவணத்தை நீதிபதி பொதுவாகப் பார்க்க மாட்டார். மேனேஜரிடம் நீங்கள் இப்போது வாங்கப்போகும் அருமையான புதுக் கடிதம் கோர்ட்டில் செல்லாக்காசு. அது புது விண்ணப்பத்துக்கும் மறுபரிசீலனை மனுவுக்கும்தான் உதவும். இதைப் புரிந்துகொள்ளாமல் கட்டுக்கட்டாகப் புது ஆதாரம் சேர்க்கிறவர்கள் அதிகம்.

அதனால் மறுப்புக் கடிதத்தையும் குறிப்புகளையும் ஒரே ஒரு கேள்வியோடு படியுங்கள். அதிகாரி சொல்வது ‘நீ காட்டியது போதவில்லை’ என்பதா, ‘நீ காட்டியதை நான் நம்பவில்லை’ என்பதா?

போதவில்லை என்பதுதான் என்றால் உங்கள் நிலைமை கொஞ்சம் பலவீனம். தகுதியை நிரூபிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு, குறை இருந்தால் அழைத்துக் கேட்க வேண்டிய கடமை அதிகாரிக்கு இல்லை. நம்பவில்லை என்றால் கதை வேறு. கடிதம் உண்மையானதா என்று சந்தேகப்பட்டாலோ, நீங்களாகவே எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள் என்று நினைத்தாலோ, அந்தச் சந்தேகத்தை உங்களிடம் சொல்லி விளக்கம் கேட்டிருக்க வேண்டும் என்பது ஃபெடரல் கோர்ட் பல காலமாகச் சொல்லிவரும் விஷயம். கேட்காமல் மறுத்திருந்தால் அங்கேதான் உங்கள் வழக்கு இருக்கிறது. சந்தேகத்தை ‘போதவில்லை’ என்ற போர்வையில் மூடி எழுதுகிற அதிகாரிகளும் உண்டு, நல்ல லாயர் முதலில் தேடுவது அதைத்தான். அதே போல நீங்கள் கொடுத்த டி4 (முதலாளி தரும் வருடாந்தரச் சம்பளப் படிவம்), பே ஸ்லிப், ஒப்பந்தம் எதையுமே தொடாமல் கடிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தாலும் வாதிட இடம் உண்டு.

உணவக சூப்பர்வைசர் ஃபைல்களில் நான் அடிக்கடி பார்ப்பதைச் சொல்கிறேன், உங்களுடையதும் அப்படி இருக்கலாம். என்ஓசி பட்டியலில், அதாவது கனடா அரசின் தொழில் வகைப் பட்டியலில், 62020 என்ற குறியீடு உணவுச் சேவை மேற்பார்வையாளருக்கு, அது டீயர் 2 (டீயர் என்பது வேலைக்கு வேண்டிய பயிற்சி, பொறுப்பை வைத்துப் பிரித்த நிலை), கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸில் செல்லும். கவுன்ட்டரில் நிற்பவருக்கு 65201, டீயர் 5, செல்லாது. ஒரே கடையில், சில சமயம் ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்ப்பார். மேனேஜர் என்ன செய்கிறார், அரசாங்க இணையதளத்தில் 62020இன் கீழ் இருக்கும் வரிகளை அதே வரிசையில், அதே வார்த்தையில் லெட்டர்ஹெட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அந்த வரிகளை அதிகாரி தினமும் படிக்கிறவர். ‘பணியாளர்களை மேற்பார்வையிட்டு ஒருங்கிணைத்தார்’ என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை பேருக்கு வாரா வாரம் ஷிப்ட் போட்டார், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தது, சரக்கு எந்த நாளில் யாருக்கு ஆர்டர் போனது, குளிர்பதன அறையின் வெப்பநிலைப் பதிவேட்டில் யார் கையெழுத்து என்று எழுதினால் ஆள் கண்முன் வந்து நிற்பார். இவையெல்லாம் நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும், ஜோடித்து எழுதச் சொல்லவில்லை. கூடவே பதவி, வேலைசெய்த தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், சலுகைகள் எல்லாம் இருந்தாக வேண்டும்.

உங்கள் கடிதம் அப்படி ஒட்டிய கடிதமாக இருந்து, வேறு ஆதாரமும் பெரிதாகக் கொடுக்காமல் இருந்தால், புதிதாக விண்ணப்பிப்பதுதான் வேகமான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதைத் தீர்மானிக்குமுன் மூன்று கணக்கைப் போடுங்கள். முதலாவது வயது: மதிப்பெண் அதிகம் உள்ளவர்களைச் சுற்றுச் சுற்றாக விண்ணப்பிக்க அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் 29 வரைதான் வயதுக்கு முழு மதிப்பெண், துணையில்லாமல் விண்ணப்பிப்பவருக்கு அது 110. 30இல் 105, 31இல் 99 என்று இறங்கிக்கொண்டே போகும். இரண்டாவது, கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸுக்கு வேண்டிய ஒரு வருட வேலை அனுபவம் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 3 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், தாமதித்தால் பழைய மாதங்கள் உதிர்ந்துவிடும். மூன்றாவது, மறுபடி அழைப்பு வர உங்கள் மதிப்பெண் இப்போதைய சுற்றுகளுக்குப் போதுமா. போதாது என்றால் பழைய அழைப்பை உயிரோடு வைத்திருக்க கோர்ட்டை விட்டால் வழியில்லை, அப்போது வழக்கின் மதிப்பே வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவும் தடை இல்லை, என் யோசனையும் அதுதான்: 15 நாளுக்குள் படிவத்தைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே புது விண்ணப்பத்துக்கும் தயாராகுங்கள். வழக்குப் போட்டபின் அரசுத் தரப்பு லாயரே ஃபைலைப் பார்த்துவிட்டு, இந்த மறுப்பு நிற்காது என்று தோன்றினால், மறுபடி பரிசீலிக்கிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்று சமரசம் பேசுவதும் நடக்கிறது.

நடைமுறை நீளமானது. முதலில் வழக்கை விசாரிக்கலாமா என்று ஒரு நீதிபதி காகிதத்திலேயே பார்த்து அனுமதி தருவார் அல்லது மறுப்பார். மறுத்தால் அதற்கு அப்பீல் கிடையாது. தந்தால் அந்த நாளிலிருந்து 30 முதல் 90 நாளுக்குள் விசாரணை.

வழக்கு நடக்கிறது என்பதற்காக உங்களுக்குக் கனடாவில் தங்கவோ வேலை செய்யவோ உரிமை வந்துவிடாது. வொர்க் பெர்மிட் எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள். பிரிட்ஜிங் ஓப்பன் வொர்க் பெர்மிட், அதாவது பி.ஆர். முடிவு வரும்வரை வேலை செய்யத் தரும் இடைக்கால அனுமதி, ஏற்கெனவே கையில் இருந்தால் அதில் போட்டிருக்கும் தேதி வரை செல்லும், ஆனால் பி.ஆர். ஃபைல் மூடிய பிறகு புதிதாக அதைக் கேட்க முடியாது. அந்தஸ்து போய்விட்டால் 90 நாளுக்குள் மீட்டுத்தரக் கேட்கலாம், அந்த இடைவெளியில் வேலை செய்யக் கூடாது.

இதே கேள்வியோடு வரும் மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். வெளிநாட்டிலிருக்கும் கணவனையோ மனைவியையோ ஸ்பான்சர் செய்து மறுக்கப்பட்டால் பாதையே வேறு. ஸ்பான்சர் செய்தவர் 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், அங்கே புது ஆதாரமும் கொடுக்கலாம், நேரில் சாட்சியும் சொல்லலாம். கனடாவுக்குள்ளிருந்து போடும் ஸ்பான்சர் விண்ணப்பத்துக்கு அந்த வசதி இல்லை, கோர்ட்தான். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பித்தவர்கள், கடிதம் கனடாவிலுள்ள அலுவலகத்திலிருந்து வந்திருந்தால் 60 நாளை நம்பாமல் 15 நாளையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். நாள் தாண்டிவிட்டால் தாமதத்துக்கு விளக்கம் எழுதி அவகாசம் கேட்கலாம், ஆனால் அது நீதிபதியின் விருப்பம்.

மறுப்புக் கடிதத்தில் 40ஆம் பிரிவு, அதாவது தவறான தகவல் தந்தது என்று இருந்தால் மட்டும் புது விண்ணப்பம் என்ற பேச்சே கிடையாது, 5 ஆண்டுக்குக் கதவு அடைத்துவிடும். அந்தக் கடிதத்தோடு அன்றைக்கே லாயரைப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கட்டிய நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் திரும்ப வரும், பரிசீலனைக் கட்டணம் வராது. புது விண்ணப்பத்தில், முன்பு எப்போதாவது விண்ணப்பம் மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆமாம் என்று போட்டு இந்த மறுப்பின் விவரத்தையும் எழுதுங்கள். அங்கே இல்லை என்று டிக் செய்தால், இப்போது உங்கள் மேல் இல்லாத 40ஆம் பிரிவை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள்.