பாட்டியின் பிஸ்கட் டப்பாவில் இருந்த பழைய காசுகள் லட்சத்துக்குப் போகுமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். பாட்டி வைத்திருந்த டப்பாவில் ராணி படம் போட்ட 1862 வெள்ளி ரூபாய் ஒன்று, 1911 ரூபாய் ஒன்று, 1944 ரூபாய் இரண்டு, ஒரு பிடி ஓட்டைக் காலணா, தாமரை போட்ட 20 பைசா சில. இவற்றோடு நீங்கள் சேர்த்து வைத்த வைஷ்ணவ தேவி 5 ரூபாயும், நடுவட்டம் தலைகீழாக இருக்கும் 10 ரூபாயும். யூடியூபில் லட்சம் என்கிறார்கள், எர்ரர் காயின் என்றால் என்ன, கிரேடிங்குக்கு அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. தயவுசெய்து எதையும் தேய்க்காதீர்கள்.

எனக்குப் பதினாலு வயது இருக்கும். அப்பத்தாவின் சுருக்குப் பையிலிருந்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று கிடைத்தது. கன்னங்கரேலென்று இருந்தது. குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். எவர்சில்வர் மாதிரி ஜொலித்தது. மதுரையில் ஒரு பழைய காசுக் கடைக்குப் பெருமையாக எடுத்துப் போனேன். கடைக்காரர் கையில் வாங்கி ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார், லென்ஸைக்கூட எடுக்கவில்லை, நேராகத் தராசில் வைத்தார். "வெள்ளி விலைக்கு எடுத்துக்கறேன் தம்பி" என்றார். நான் கொடுக்கவில்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அவர் பார்த்தது இதைத்தான். அச்சில் அடிபடும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து ஓடும். அந்த ஓட்டத்தின் மிக மெல்லிய கோடுகள்தான் புதுக் காசைச் சாய்த்தால் ஒளி சுற்றி ஓடுவது போலத் தெரிவதற்குக் காரணம். புளியோ பற்பசையோ அந்தக் கோடுகளை வழித்துவிட்டுத் தன் கீறல்களைப் போட்டுவிடும். போனது திரும்ப வராது. கருப்பு ஏறிய வெள்ளி அழுக்கு இல்லை, அது வெள்ளியின் வயது. செப்புக் காசில் பச்சையாகப் பொடி உதிரும் களிம்பு மட்டும் வேறு கதை, அது காசைத் தின்னும். அதையும் நீங்களே சுரண்டாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இப்போது டப்பாவுக்கு வருவோம்.

வைஷ்ணவ தேவி 5 ரூபாய் 2012 ஆண்டு போட்ட நினைவுக் காசு. ஏராளமாக அடித்தது. பர்ஸில் போட்டுச் செலவழிக்கலாம். லட்சம் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர் அடுத்து "பதிவுக் கட்டணம்", "ஜிஎஸ்டி" என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்பார். சிலர் ரிசர்வ் வங்கியின் முத்திரையோடு கடிதமே அனுப்புவார்கள். பழைய காசு, நோட்டு விற்பனையில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, யாரையும் கட்டணம் வாங்கச் சொல்லவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. காசு வாங்குகிறவன் உங்களிடம் பணம் கேட்டால் அவன் வாங்க வரவில்லை.

தாமரை 20 பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று எங்கள் தெருவில்கூடச் சொல்வார்கள். இல்லை. 1968லிருந்து 1971 வரை வந்த மஞ்சள் உலோகக் காசு, அவ்வளவுதான். ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை, போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்தது. "ஓட்டைக் காலணாவுக்குப் பெறாது" என்று நம் ஊரில் திட்டுவார்களே, காசு உலகத்திலும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். ஆனால் கிரீடத்தின் வடிவத்திலும் ஆண்டு எழுத்தின் அளவிலும் வகைகள் உண்டு. புதிதாகச் சேர்க்க ஆரம்பிப்பவர் கண்ணைப் பழக்க இதைவிட நல்ல காசு கிடையாது.

அந்த 10 ரூபாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எர்ரர் என்றால் என்ன என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது.

இரட்டை உலோகக் காசில் வெளி வளையமும் நடுவட்டமும் முதலில் வெறும் தகடாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்து ஒரே அடியில் படத்தையும் எழுத்தையும் பதிக்கிறார்கள். அந்த அடியில்தான் இரண்டும் இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. அப்படியானால் நடுவட்டத்தின் படம் மட்டும் தலைகீழாக எப்படி வரும்? வராது. யாரோ பிரஸ்ஸில் நடுவட்டத்தைத் தள்ளி எடுத்து, திருப்பி, மறுபடி அமுக்கியிருக்கிறார்கள். இணைப்பில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், சிராய்ப்பு தெரியும். நடுவட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கி, எழுத்து வளையத்தின் மேல் ஏறி அடிபட்டிருந்தால் அதுதான் நிஜமான தவறு. (10 ரூபாயை வாங்கவே மாட்டோம் என்று நம் ஊரில் பல கடைகளில் முரண்டு பிடித்தார்களே, 2018ல் ரிசர்வ் வங்கி 14 வடிவங்களும் செல்லும் என்று சொல்லியும். அந்தக் குழப்பத்தில் வடிவ வேறுபாட்டை எர்ரர் என்று விற்றவர்களும் உண்டு.)

எந்த எர்ரருக்கும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: மின்ட்டில், அதாவது நாணயச் சாலையில், இது எப்படி நடந்திருக்கும்? விடை சொல்ல முடிந்தால் நிஜமான எர்ரர், முடியாவிட்டால் பட்டறை வேலை. உதாரணத்துக்கு வியாபாரிகள் 'லக்கி' என்று சொல்கிற காசு. அடித்த காசு ஒன்று வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் தகடு அதன் மேல் மோதுகிறது. அதனால் ஒரு பக்கம் சரியாகவும், மறுபக்கம் அதே படம் குழிவாக, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியும் வரும். இரண்டு காசைப் பட்டறையின் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) வைத்து நெருக்கினாலும் குழிவான படம் விழும். ஆனால் அதில் காசின் சொந்தப் படம் நசுங்கி அடியில் தெரியும், பின்பக்கமும் தட்டையாகியிருக்கும். இரண்டு பக்கமும் தலை போட்ட காசு என்றால் விளிம்பின் உள்ளோரமாக நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஒட்டுப் போட்ட கோடு தட்டுப்படும்.

அச்சு கொஞ்சம் விலகி அடித்த காசுகளுக்குப் பெரிய விலை இல்லை. பாதிக்குப் பாதி விலகி, ஆண்டும் தெளிவாகத் தெரிந்தால் ஆள் தேடி வருவார்கள்.

வகை என்பது வேறு. எர்ரர் அந்த ஒரு காசுக்கு நேர்ந்த விபத்து. வகை அச்சிலேயே இருப்பது, அந்த அச்சில் அடித்த அத்தனை காசிலும் வரும். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. 'குறி இல்லாத அபூர்வக் காசு' என்று விற்கிறார்களே, அது பெரும்பாலும் கொல்கத்தாக் காசுதான்.

உங்கள் 1862 ரூபாய் வகை பார்ப்பவர்களுக்கு விருந்து. அந்த ஆண்டை மாற்றாமலேயே 1870களின் தொடக்கம் வரை அடித்துக்கொண்டே போனார்கள், 1874ல்தான் மறுபடி ஆண்டு மாறியது. அதனால் 1862 என்று போட்டிருப்பதெல்லாம் 1862ல் பிறந்ததல்ல. பின்பக்கத்தில் மேலேயும் ஆண்டை ஒட்டியும் கடுகளவுப் புள்ளிகள் இருக்கிறதா என்று எண்ணுங்கள். எந்த ஆண்டு அடித்தது என்பதற்கான ரகசியக் குறி அவை என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. புள்ளிகளின் சாதாரணச் சேர்க்கை என்றால் வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே, அரிய சேர்க்கை என்றால் பல மடங்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

டப்பாவிலேயே நான் ஆவலாக இருப்பது 1911க்குத்தான். மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு யானை இருக்கும். செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாக வைத்துவிட்டார், பார்த்தவர்கள் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் காசை நிறுத்தினார்கள். சுமார் 94 லட்சம் அடித்ததில் வெளியே போனது ஏறக்குறைய 7 லட்சம், மீதியை உருக்கிவிட்டார்கள். 1912லிருந்து தும்பிக்கை நீண்டுவிட்டது. 'பன்றி ரூபாய்' என்றே அதற்குப் பெயர். நல்ல நிலையில் இருந்தால் ஆயிரக்கணக்கில் போகும், லட்சத்தில் இல்லை.

1939 ரூபாய் இருந்திருந்தால் வேறு பேச்சு. 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் அது, கிடைப்பதே அரிது. அதனாலேயே போலியும் அதிகம். நானே ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன். எடை சரியாக 11.66 கிராம், அதாவது நாட்டு வைத்தியத்தில் 'ஒரு ரூபாய் எடை' என்பார்களே, அதே ஒரு தோலா. சத்தமும் சரி. வீட்டுக்கு வந்து 10 மடங்கு லென்ஸில் பார்த்தால், கடைசி 9 மட்டும் முந்தைய 9ஐவிட ஒல்லியாக, வால் அருகே சொரசொரப்பாக இருந்தது. 1938 ரூபாயின் 8ஐச் சுரண்டி 9 ஆக்கியிருந்தார்கள். எடை எப்படித் தப்பும், காசு அசல்தானே! உங்கள் 1944 ரூபாய்களில் வெள்ளி பாதிதான், 1940லேயே குறைத்துவிட்டார்கள். எடைக்குப் போட்டால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேடிங் என்பது காசின் நிலைக்கு மதிப்பெண் போடுவது. 1லிருந்து 70 வரை மதிப்பெண், 60உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்தில் தேயாத காசு. தேய்மானம் எப்போதும் மேடான இடத்தில்தான் தொடங்கும். விக்டோரியா என்றால் காதுக்கு மேலே முடி, கன்னம். ஜார்ஜ் என்றால் கிரீடத்தின் மணிகள், காது, அந்த யானை. யானையின் கால் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து விளிம்பின் உச்சி. காசு மாலையிலிருந்து பிரித்த காசு என்றால் அங்கே பற்றவைத்த தழும்பு இருக்கும், விலை பாதிக்குக் கீழே போய்விடும்.

அமெரிக்காவின் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து மதிப்பெண் தருகின்றன. உங்கள் டப்பாவுக்கு அது தேவையில்லை, பல காசுகளுக்கு அனுப்பும் செலவே விலையைத் தாண்டும். தேய்த்துக் கழுவிய காசு என்று கண்டால் எண்ணும் தரமாட்டார்கள். தவிர 100 ஆண்டு கடந்த காசுகள் 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது. 'துபாய் பார்ட்டி வாங்கிக்கொள்வார்' என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பழசு என்றால் விலை என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். ராஜராஜன் பெயர் போட்ட ஆயிரம் வருடச் செப்புக் காசு இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அவ்வளவு புழங்கியிருக்கிறது. ராமர் படம் போட்ட '1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா'வை அரிசியை இழுக்கும் என்று சொல்லிக் கோடிக்குப் பேசுகிறார்களே, அப்படி ஒரு காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை.

விலை தெரிய வேண்டுமானால் இணையத்தில் எவனோ கேட்டிருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள். ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிந்த ஏலங்களின் பட்டியலில், அதே ஆண்டு, அதே மின்ட், அதே நிலை உள்ள காசு எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். கடைக்காரர் அதில் பாதி சொன்னால் கோபப்படாதீர்கள், அவரும் கடை வாடகை கொடுக்கிறார். மூன்று கடையில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

1911ஐ விளிம்பைப் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள். பின்பக்கத்தில் கீழே இருக்கும் பூவுக்கு அடியில் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. அதுவும் தெரிகிற மாதிரி எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.