கனடாவுக்குப் புதிதாக வந்த குடும்பத்துக்குப் பண உதவியும் ஆள் துணையும் எங்கே கிடைக்கும்?

பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை பெற்று, இரண்டு சிறு பிள்ளைகளோடு டொராண்டோவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, வேலை இல்லை, கையிருப்பு கரைகிறது, யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

பிள்ளைகளை வளர்க்க அரசு குடும்பங்களுக்குத் தரும் சைல்டு பெனிஃபிட் பணத்துக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? இல்லையென்றால் இதை வாசித்து முடித்த கையோடு அதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு அவசரப்படுத்தக் காரணம் உண்டு. நாங்கள் பத்து மாதம் கழித்துத்தான் விண்ணப்பித்தோம். வந்த புதிதில் எங்களுக்கு இடம் கொடுத்த அண்ணன் ஒருவர், "முதல் வருஷம் டாக்ஸ் ஃபைல் பண்ணின பிறகுதான் அந்தப் பணமெல்லாம் வரும்" என்றார். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனவர் அவர். பதினெட்டு நாள் தன் வீட்டில் வைத்திருந்தார். வாடகை வீடு கிடைக்க எங்களுக்காக ஜாமீன் கையெழுத்தும் போட்டார். அப்படிப்பட்டவர் சொல்வதைச் சரிபார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அவர் சொன்னது தவறு. பி.ஆர். ஆக வந்தவர்கள் வந்த உடனேயே விண்ணப்பிக்கலாம். ஆர்சி66 என்ற படிவம் ஒன்று. புதிதாக வந்தவர்களுக்கென்றே ஆர்சி66எஸ்சிஎச் என்று இன்னொன்று. இரண்டாவதில், கனடாவுக்கு வருமுன் நீங்களும் உங்கள் துணையும் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பதை எழுத வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்று, குடியேற்றச் சான்று ஆகியவற்றின் நகலோடு வரித்துறையான சி.ஆர்.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும். டாக்ஸ் ஃபைல் செய்வது, அந்தப் பணம் தொடர்ந்து வருவதற்கு. ஒவ்வொரு ஆண்டும் இருவருமே ஃபைல் செய்ய வேண்டும், ஒருவருக்கு ஒரு டாலர் வருமானம் இல்லாவிட்டாலும்.

2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான கணக்கில், குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் ஆறு வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர். 6 முதல் 17 வயது வரை 6,748 டாலர். மாதாமாதம் வரும், இதற்கு வரி கிடையாது. ஒன்டாரியோ மாகாணம் தரும் தொகைக்கும் இதே விண்ணப்பம்தான். எங்களுக்கு விடுபட்ட மாதங்களின் பணம் பிறகு மொத்தமாக வந்தது உண்மை. ஆனால் அது வருவதற்குள் ஒரு குளிர்காலம் போய்விட்டது. பிள்ளைகளின் குளிராடைக்காக என் இரண்டு வளையல்களை விற்றிருந்தேன்.

அந்த அண்ணன்மீது எனக்கு இன்றும் துளி வருத்தமில்லை. அவருக்கு அவர் வந்தபோது யாரோ சொன்னதை எங்களுக்குச் சொன்னார், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வீடு எங்கே பார்க்கலாம், எந்த வேலைக்கு யாரைத் தெரியும், பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதையெல்லாம் நம் ஆட்களிடம் கேட்பேன். விதி, படிவம், தகுதி என்று வந்தால் அலுவலகத்தில் மட்டும் கேட்பேன்.

அதைக் கேட்பதற்கென்றே குடியமர்வுச் சேவை மையங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் குடிவரவுத் துறை பணம் தருவதால் பி.ஆர். உள்ளவர்களுக்கும் பாதுகாப்புப் பெற்ற அகதிகளுக்கும் கட்டணம் இல்லை. படிவம் நிரப்பவும், பள்ளியில் சேர்க்கவும், வேலைக்கு ரெஸ்யூம் எழுதவும் உதவுவார்கள். டொராண்டோவில் தமிழ் பேசும் பணியாளர்கள் உள்ள மையங்கள் உண்டு. லிங்க் என்ற ஆங்கில வகுப்பும் இலவசம்; சில இடங்களில் அம்மா வகுப்பில் இருக்கும் நேரம் குழந்தையையும் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இங்கே கிடைத்த முதல் தோழி அந்த வகுப்பில் கிடைத்தவள்தான், அவள் எரித்ரியாக்காரி. இன்றைக்கும் எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் வந்து நிற்பவள் அவள்தான்.

டாக்ஸ் ஃபைல் செய்ய யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். வருமானம் குறைவாகவும் கணக்கு எளிதாகவும் இருந்தால், சி.ஆர்.ஏ. பயிற்சி கொடுத்த தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்து தருகிறார்கள். 1971 முதல் நடக்கும் திட்டம் அது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பல நூலகங்களிலும் சமூக மையங்களிலும் அவர்களைப் பார்க்கலாம்.

"இதையெல்லாம் வாங்கினால் நாளைக்கு சிட்டிசன்ஷிப்புக்கு இடைஞ்சல் வருமா?" என்று என்னிடம் கேட்காத புதியவர் இல்லை. வராது. சைல்டு பெனிஃபிட் தகுதியுள்ள குடும்பத்துக்கு உரியது. ஆனால் சமூக நலக் கொடுப்பனவு, ஒன்டாரியோவில் 'ஒன்டாரியோ வொர்க்ஸ்' என்பார்களே, அது வேறு. உங்களைக் கணவரோ மகனோ ஸ்பான்சர் செய்து அழைத்திருந்தால், உங்கள் செலவுக்குத் தானே பொறுப்பு என்று அவர் அரசிடம் எழுதிக்கொடுத்த காலத்தில் நீங்கள் வாங்கும் அந்தத் தொகை அவருடைய கடனாக ஏறும். கணவன் அல்லது மனைவி என்றால் மூன்று ஆண்டு. பெற்றோர் என்றால் கியூபெக் தவிர மற்ற மாகாணங்களில் இருபது ஆண்டு. நீங்களே பி.ஆர். எடுத்து வந்திருப்பதாகச் சொல்வதால் உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கடன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சம்பளம் வந்ததும் திருப்பித் தரவேண்டிய சிறு கடனை 'பேடே லோன்' என்பார்கள்; அந்தக் கடைப்பக்கம் போகவே போகாதீர்கள். நூறு டாலருக்கு 14 டாலர் என்றால் சின்னதாகத் தெரியும். இரண்டு வாரத்துக்கு அது. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 364 சதவீதம். கனடாவில் 2025 ஜனவரி முதல் பெரும்பாலான கடன்களுக்கு ஆண்டு வட்டி 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருந்தும், இந்தக் கடனுக்கு விலக்கு உண்டு. வேலையில்லை, போடப் பணமில்லை என்ற காரணத்துக்காக வங்கி உங்களுக்குக் கணக்குத் தர மறுக்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்மவர்கள் பிடிக்கும் சீட்டில் சேரலாமா என்றால், முதல் ஆண்டில் வேண்டாம் என்பேன். சீட்டு எடுத்துக் கடை வைத்தவர்களையும் வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அது நிற்பது ஆள்மீதுள்ள நம்பிக்கையில். வந்து மூன்று வாரமான உங்களுக்கு யார் எப்படி என்று எப்படித் தெரியும்? அதைவிட, உங்கள் படிப்புக்கு இங்கே உரிமம் வாங்கப் பணம் தேவைப்பட்டால் 'விண்ட்மில் மைக்ரோலெண்டிங்' என்ற அறநிறுவனத்தைப் பாருங்கள். தேர்வுக்கட்டணம், பயிற்சி போன்றவற்றுக்கு 15,000 டாலர் வரை குறைந்த வட்டியில் கடன் தருகிறார்கள். இங்கே கிரெடிட் வரலாறு, அதாவது கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு, இல்லாதவர்களும் கேட்கலாம்.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1986 ஆகஸ்டில் கனடாவின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 இலங்கைத் தமிழ் அகதிகளை உள்ளூர் மீனவர்கள் கரைசேர்த்தார்கள். உடுத்திய துணியோடு வந்து இறங்கியவர்கள் அவர்கள். டொராண்டோவிலும் மாண்ட்ரியலிலும் இருந்த கொஞ்சத் தமிழர்கள்தான் அவர்களில் பலருக்குத் தங்க இடம் தேடிக்கொடுத்தார்கள். இன்று உங்களுக்கு உதவப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஒருநாள் அப்படி யார் வாசலிலோ நின்றவர்கள்தான். அதனால் தயங்காமல் கேளுங்கள்.

நாளைக் காலையில், எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் 211 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, உங்கள் பெயரையும் சொல்ல வேண்டாம். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் காத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியமர்வு மையம் எங்கே என்று கேட்டு, அந்த இரண்டு படிவங்களையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.